ஆறு பேர் வேலை செய்யும் உணவகத்தில் சூப்பர்வைசர்: ஒரு கனடா பி.ஆர். விண்ணப்பம், தொடக்கம் முதல் முடிவு வரை

உரிமம் பெற்ற ஒரு குடிவரவு ஆலோசகரிடம் கோப்புகளைத் தொகுக்கும் வேலை எனக்கு. கீழே வருவது என் கையில் தொடக்கத்திலிருந்து முடிவு வரை இருந்த ஒரு கோப்பு. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன், பெயரும் ஊரும் மட்டும் வராது. சின்ன உணவகங்களில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) போட நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் பாதிப் பேர் ஒரே இடத்தில்தான் மாட்டுகிறார்கள். அந்த இடம் எது என்பது இந்தக் கோப்பில் தெளிவாகத் தெரியும்.

பின்னணி

ஒன்டாரியோ மாகாணத்தில், டொரோன்டோ பெருநகரப் பகுதிக்கு வெளியே, ஒரு சிறு நகரம். நாற்பது பேர் உட்காரக்கூடிய உணவகம். கணவன் மனைவி நடத்துகிறார்கள், கணவர் சமையலறை, மனைவி கணக்குவழக்கு. வேலைக்கு இருப்பவர்கள் நம்ம பெண்ணைத் தவிர ஆறு பேர்: சமையற்காரர்கள் இரண்டு பேர், வெட்டிக் கழுவிக் கொடுக்கும் உதவியாளர் ஒருவர், பரிமாறுபவர்கள் மூன்று பேர். பரிமாறுபவர்கள் எல்லாரும் பகுதி நேரம்.

அவர் கனடாவில் இரண்டு வருட டிப்ளமோ படிக்க வந்தவர். படிக்கும்போதே இங்கே பகுதி நேரமாகப் பரிமாறும் வேலை செய்தார். 2021 ஏப்ரலில் படிப்பு முடிந்தது, ஜூலையில் மூன்று வருடத்துக்கு வேலை அனுமதி வந்தது, அதாவது 2024 ஜூலை வரை. இந்த அனுமதி வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும், பொதுவாக நீட்டிக்கவும் மாட்டார்கள். அதனால் அந்த மூன்று வருடத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும்.

படிப்பு முடிந்த பிறகு அதே உணவகத்தில் முழு நேரம், ஆனால் அதே பரிமாறும் வேலை. 2022 மார்ச்சில் முதலாளிக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. இனிமேல் சாயங்கால ஷிப்டை நீயே பார்த்துக்கொள் என்று அவர் சொன்னதும் அந்த நேரத்தில்தான். அதையே தொடக்கமாக வைத்து, 2023 மார்ச்சில் ஒரு வருடம் ஆகிவிடும், உடனே விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணத்தோடு 2023 ஜனவரியில் எங்களிடம் வந்தார்.

விதி என்ன கேட்கிறது

புள்ளி போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் கனடிய அனுபவ வகுப்பு என்று ஒரு வழி இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் கனடாவில் ஒரு வருடத் திறன் வேலை அனுபவம் இருக்க வேண்டும். ஒரு வருடம் என்றால் வாரம் 30 மணி நேரம் வீதம் மொத்தம் 1,560 மணி நேரம். வேலைகளைத் தேசியத் தொழில் வகைப்பாடு டியர் எனப்படும் படிகளாக, 0 முதல் 5 வரை, பிரித்து வைத்திருக்கிறது, இதில் 0, 1, 2, 3 மட்டும்தான் திறன் வேலை.

உணவகத்துக்குள் இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். மேலாளர் 60030, டியர் 0. உணவுச் சேவை சூப்பர்வைசர் 62020, டியர் 2. சமையற்காரர் 63200, டியர் 3. வரவேற்று உட்கார வைப்பவர் டியர் 4. பரிமாறுபவர் 65200, சமையலறை உதவியாளர் 65201, இரண்டுமே டியர் 5. ஆக ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேசையைத் துடைக்கும் இரண்டு பேரில் ஒருவருக்குக் கணக்கு ஓடும், மற்றவருக்கு ஓடாது. 2022 நவம்பர் 16-க்கு முன்பு இதே சூப்பர்வைசர் வேலைக்குக் குறியீடு 6311, தகுதிநிலை பி. எண் மாறியது, வேலையின் சாரம் மாறவில்லை.

முழு நேரப் படிப்பின்போது செய்த வேலை இந்த வகுப்பில் சேராது. பரிமாறும் வேலை டியர் 5 என்பதால் அதுவும் சேராது. இவர் கையில் இருந்த மூன்று வருட அனுமதியில் ஏறத்தாழ பத்து மாதம் இப்படியே போயிருந்தது. அந்த நேரத்தில் யாரும் இவருக்கு இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நாங்கள் முதலில் பார்த்தது

கொண்டுவந்த கோப்பில் மூன்று பொருட்கள் இருந்தன: பே ஸ்டப்கள் (சம்பளச் சீட்டுகள்), டி4 படிவம் (முதலாளி வருடாவருடம் கொடுக்கும் வருமானச் சீட்டு), முதலாளி எழுதிய ஒரு கடிதம்.

கடிதத்தில் பத்து வேலைகள் இருந்தன, பத்தும் வகைப்பாட்டு இணையதளத்தில் இருக்கும் அதே வரிசையில், அதே சொற்களில். நாற்பது இருக்கை உணவகத்தின் தலைப்புத் தாளில், மருத்துவமனை நோயாளிகளுக்குப் போகும் பத்திய உணவுத் தட்டுகளைச் சரிபார்ப்பார் என்றுகூட இருந்தது. அந்த 62020 பட்டியலில் மருத்துவமனை உணவுக்கூட சூப்பர்வைசர்களும் அடக்கம், அதனால் அந்த வரி அங்கே இருக்கிறது. முதலாளிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குடிவரவுத் துறை இப்படித்தான் கேட்கிறது என்று யாரோ சொல்ல, அவரும் அப்படியே எடுத்துப் போட்டுவிட்டார். ஆனால் அதிகாரி அந்த ஒரு வரியைப் படித்ததும் மீதி ஒன்பது வரியையும் நம்ப மாட்டார்.

சம்பளம் 2022 தொடக்கத்தில், பரிமாறுபவராக இருந்தபோது, மணிக்கு 15 டாலர், அப்போதைய ஒன்டாரியோ குறைந்தபட்சக் கூலி. சூப்பர்வைசர் ஆன பிறகு 17. ஆனால் அந்த 17 பே ஸ்டப்பில் தெரிவது 2022 மே மாதத்திலிருந்துதான். மார்ச்சிலும் ஏப்ரலிலும் பழைய சம்பளம், பழைய பதவிப் பெயர்.

அப்புறம் அவரை உட்கார வைத்து ஒரு நாள் என்னென்ன செய்வீர்கள் என்று காலையிலிருந்து இரவு வரை சொல்லச் சொன்னோம். கடிதத்தில் இல்லாத எத்தனையோ வேலைகள் அப்போதுதான் வெளியே வந்தன. ஞாயிறு இரவு அடுத்த வார ஷிப்ட் அட்டவணையைக் கையால் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போடுவார். மொத்த வியாபாரிக்கு வாரம் இரண்டு முறை ஆர்டர் கொடுத்து, வந்த சரக்கை எண்ணிப் பார்த்து இன்வாய்ஸில் கையெழுத்துப் போடுவார். பில்லிங் இயந்திரத்தில் ஒரு பில்லை ரத்து செய்யவோ தள்ளுபடி போடவோ இவருடைய குறியீடு வேண்டும். குளிர்பெட்டி வெப்பநிலையைக் குறித்து வைப்பது இவர். சுகாதார ஆய்வாளர் வந்தால் கூடவே நடந்து போய் அறிக்கையை வாங்கிக்கொள்வதும் இவர்.

வேலை நிஜமாகவே நடந்திருக்கிறது, ஆனால் எங்கும் ஒன்றாகச் சேரவில்லை. எங்களுக்கு இந்தக் கோப்பில் நம்பிக்கை வந்தது அந்த உரையாடலுக்குப் பிறகுதான்.

எந்தக் குறியீடு

மேலாளர் என்று போடலாமா என்று ஒரு பேச்சு வந்தது. டியர் 0 என்றால் நல்லதுதானே என்று அவருடைய தோழி சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றார் ஆலோசகர். பட்ஜெட், சம்பளம், வேலைக்கு எடுப்பது, நீக்குவது எல்லாம் முதலாளி தம்பதியிடம் இருக்கும்போது மேலாளர் என்று எழுதினால் அது நிற்காது. அதோடு கனடிய அனுபவ வகுப்பில் டியர் 0, 1-க்கு மொழித் தேர்வில் கனடிய மொழி அளவுகோலின்படி குறைந்தபட்சம் நிலை 7 வேண்டும், டியர் 2, 3-க்கு நிலை 5 போதும். அனுபவத்துக்கான புள்ளிகளில் டியர் 0-க்கும் 2-க்கும் வித்தியாசம் கிடையாது. கூடுதல் பலன் எதுவும் இல்லாத இடத்தில் கூடுதல் ஆபத்து எதற்கு?

மாகாண வழியும் பார்த்தோம். ஒன்டாரியோவின் வேலை வாய்ப்புப் பிரிவில் அப்போது முதலாளிக்கும் நிபந்தனை இருந்தது: டொரோன்டோ பெருநகரப் பகுதிக்கு வெளியே என்றால் வருடம் 5 லட்சம் டாலர் வருமானம், அதோடு அந்த இடத்தில் குடியுரிமையோ பி.ஆரோ உள்ள முழு நேர ஊழியர் மூன்று பேர். பெருநகரப் பகுதிக்குள் என்றால் 10 லட்சம், ஐந்து பேர். இந்த உணவகத்தில் முழு நேரமே சமையற்காரர்கள் இரண்டு பேரும் உதவியாளரும்தான், அதிலும் சமையற்காரர் ஒருவர் வேலை அனுமதியில் இருப்பவர். அந்தக் கதவு மூடியே இருந்தது. சின்ன உணவகத்தில் வேலை செய்பவர்களுக்குக் கனடிய அனுபவ வகுப்பு முக்கியமாவது இதனால்தான், அங்கே முதலாளியின் வருமானத்தை யாரும் அளப்பதில்லை, நீங்கள் செய்த வேலையை மட்டும்தான் பார்ப்பார்கள்.

ஆக 62020. முகப்பு வரி இதுதான்: உணவைத் தயாரிப்பவர்கள், பங்கிடுபவர்கள், பரிமாறுபவர்கள் ஆகியோரின் வேலையை மேற்பார்த்து, வழிநடத்தி, ஒருங்கிணைப்பவர். அந்த முகப்பு வரியும் பொருந்த வேண்டும், பட்டியலில் உள்ள முக்கிய வேலைகளில் கணிசமானவற்றையும் செய்திருக்க வேண்டும். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆக, அந்த மருத்துவமனை வரியைச் சேர்க்க ஒரு காரணமும் கிடையாது.

எந்த மாதத்திலிருந்து கணக்கு

முதலாளி ரொம்ப நல்ல மனுஷர். தொலைபேசியில் பேசும்போது, "பிள்ளை எந்த மாசத்திலயிருந்து வேணும் எண்டு சொல்லட்டும், நான் போட்டுத் தாறன்" என்றார். பாசத்தில் சொன்னது. ஆனால் பி.ஆர். விண்ணப்பத்தில் தவறான தகவல் கொடுத்தால் குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி ஐந்து வருடத் தடை, அதை அனுபவிக்கப் போவது அந்தப் பிள்ளைதான் என்று ஆலோசகர் அவருக்கு விளக்கினார். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் அவர் செய்தது பரிமாறுபவர்களைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான். சமையலறையில் இருந்தவர்கள் முதலாளி மனைவியிடம் கேட்டுத்தான் நடந்தார்கள், சரக்கு ஆர்டரும் அவர் கையில்தான். மே மாதம் முதல்தான் சமையலறையும் ஆர்டரும் இவரிடம் வந்தன, சம்பளமும் அப்போதுதான் மாறியது. முகப்பு வரியில் தயாரிப்பவர்கள் என்று வருகிறது. பரிமாறுபவர்களை மட்டும் பார்த்துக்கொண்ட இரண்டு மாதத்தை அதற்குள் திணிக்க முடியாது. 2022 மே 1 என்று முடிவாயிற்று. அந்த இரண்டு மாதத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே இல்லை, எங்கள் முன்னாலேயே அழுதுவிட்டார். ஆனாலும் பே ஸ்டப், வேலை, கடிதம் மூன்றும் ஒரே தேதியைச் சொல்வதன் பலம் பின்னால் தெரிந்தது.

மணிக்கணக்கு

அப்படியென்றால் 2023 ஏப்ரல் கடைசியில் ஒரு வருடம் முடிகிறது, சரிதானே என்றால், இல்லை. இங்கேதான் உணவக ஊழியர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வாரத்துக்கு 30 மணிக்கு மேல் எவ்வளவு உழைத்தாலும் 30 தான் கணக்கு. கோடையில் 46, 48 மணி நேரம் போன வாரங்கள் இருந்தன, அந்தக் கூடுதல் எல்லாம் இந்தக் கணக்கில் காணாமல் போகும். குளிர்காலத்தில் வியாபாரம் படுத்து 22 மணி நேரம்தான் ஷிப்ட் கிடைத்த எட்டு வாரங்கள் இருந்தன, அந்தப் பற்றாக்குறை மட்டும் அப்படியே நிற்கும். இடையில் சமையலறைத் தரையை மாற்ற இரண்டு வாரம் கடையை மூடியிருந்தார்கள், அதற்குச் சம்பளம் இல்லை.

பே ஸ்டப்பை வாரம் வாரமாகப் பிரித்து எழுதினோம். எட்டு வாரப் பற்றாக்குறை 64 மணி, மூடியிருந்த இரண்டு வாரம் 60 மணி, ஆக 124 மணி குறைவு. ஏப்ரல் முடிவில் கணக்கு 1,436. மொத்தமாகக் கூட்டினால் அவர் உழைத்த நேரம் 1,560-ஐ எப்போதோ தாண்டியிருந்தது, ஆனால் அது உதவாது. ஜூன் முதல் வாரம்தான் கோட்டைத் தாண்ட முடியும்.

இந்தக் காத்திருப்புதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. காரணம், அதிகப் புள்ளி உள்ளவர்களை அவ்வப்போது விண்ணப்பிக்க அழைக்கும் சுற்றுகளில், 2023 மார்ச் 29 அன்று நடந்த பொதுச் சுற்றின் எல்லைப் புள்ளி 481 வரை இறங்கியது. அவருடைய எதிர்பார்ப்புப் புள்ளி 492. வயது, படிப்பு, மொழி, ஒரு வருடக் கனடிய அனுபவம், கனடாவில் படித்தது எல்லாம் சேர்ந்தது அது. நுழைந்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் ஒரு வருடம் முடியாமல் முடிந்தது என்று போட்டு அழைப்பு வாங்கினால், அந்த அழைப்பே செல்லாது. ஆலோசகர் உறுதியாக நின்றார்.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை. முதல் ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டல் பகுதியில் 7.5 எடுத்திருந்தார், மற்ற மூன்றிலும் 7 தாண்டியிருந்தார். நிலை 9-க்குக் கேட்டலில் 8 வேண்டும். ஒரே பகுதியில் நிலை 8-க்கு இறங்கினாலும் அந்தப் பகுதியில் 8 புள்ளி போய்விடும். ஏப்ரலில் மறுபடி எழுதி 8 வாங்கினார்.

கடிதம்

பழைய கடிதத்தை அப்படியே ஒதுக்கிவிட்டு முதலாளியும் மனைவியும் அவரும் உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். வடிவத்துக்கு மட்டும் நாங்கள் சொன்னோம்: தலைப்புத் தாள், கையெழுத்து, தொடர்பு எண், பதவிகள், ஒவ்வொன்றுக்கும் தேதி, வார மணி நேரம், வருடச் சம்பளம், சலுகைகள், செய்த வேலை. இதில் ஒன்று விடுபட்டாலும் துறை திருப்பக்கூடும்.

பரிமாறுபவராக இருந்த காலமும் சூப்பர்வைசர் காலமும் தனித்தனியாக எழுதப்பட்டன. வார மணி நேரத்தில் குளிர்காலக் குறைவும் மூடியிருந்த வாரங்களும் ஒளிக்காமல் வந்தன. யாரை மேற்பார்த்தார் என்பதற்கு ஆறு பேரின் பதவிகள். அப்புறம் ஒரு வரி, அதைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது: கூட்டம் அதிகமான நேரங்களில் இவரும் ஆர்டர் எடுப்பார், பரிமாறுவார், அது அவருடைய நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இதை எழுதினால் பரிமாறுபவர் என்று நினைத்துவிடுவார்களே என்று அவருக்குப் பயம். ஆலோசகரின் வாதம் வேறு. ஏழு பேர் சேர்ந்து நடத்தும் கடையில் சூப்பர்வைசர் தட்டையே தொட மாட்டார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், மூன்றில் ஒரு பங்கு என்று நாமே சொன்னால் மீதி மூன்றில் இரண்டு பங்குக்கு மதிப்பு வரும். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, இப்போதும் அப்படித்தான்.

முதலாளி ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். துறையிலிருந்து தொலைபேசி வந்தால் எடுக்கப் போவது அவர்தான். தான் கையெழுத்திட்ட கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத முதலாளியால் கெட்டுப்போன விண்ணப்பங்கள் உண்டு.

அழைப்பும் விண்ணப்பமும்

ஜூன் இரண்டாவது வாரம் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் சுயவிவரம் போட்டோம், புள்ளி 492. ஜூன் 27 சுற்றில் எல்லை 486, அழைப்பு வந்துவிட்டது. அடுத்த இரண்டு பொதுச் சுற்றுகளில் எல்லை 511, 505. ஒரு சுற்று தவறியிருந்தால் கதை வேறு.

அழைப்பு வந்த பிறகு 60 நாள். மருத்துவப் பரிசோதனை, காவல் துறைச் சான்றிதழ்கள், டி4, வரி மதிப்பீட்டு அறிவிப்பு, பே ஸ்டப்கள், கடிதம். கட்டணம் அப்போது மொத்தம் 1,365 டாலர். ஆகஸ்டில் சமர்ப்பித்தாயிற்று. அட்டவணைப் படங்கள், இன்வாய்ஸ்கள் போன்றவற்றையும் அவர் இந்த இடைவெளியில் தேடி எடுத்து மாத வாரியாக வைத்திருந்தார். அவற்றில் ஒரு சிறு பகுதியை மட்டும் விண்ணப்பத்தோடு வைத்தோம், மீதி அவரிடமே இருந்தது.

துறையிலிருந்து வந்த கேள்வி

2024 ஜனவரியில் ஒரு கடிதம் வந்தது. நிராகரிப்பதற்கு முன்பு, எங்களுக்கு இந்தச் சந்தேகங்கள் இருக்கின்றன, பதில் சொல்லுங்கள் என்று கேட்டு அனுப்பும் நடைமுறை நியாயக் கடிதம். பதிலுக்கு 30 நாள்.

சந்தேகம் மூன்று. ஊழியர் எண்ணிக்கை குறைவு, முதலாளியும் அங்கேயே இருக்கிறார், அப்படியிருக்க முழு நேரம் மேற்பார்க்க என்ன இருக்கிறது? சமையற்காரர்களையும் மேற்பார்த்தார் என்பதற்கு ஆதாரம் எங்கே? பரிமாறுபவர் சம்பளத்துக்கும் இவர் சம்பளத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லையே, ஏன்?

அவர் அன்றைக்கு ரொம்ப உடைந்து போயிருந்தார். என்னைக் கேட்டால், அதிகாரியின் கேள்விகள் நியாயமானவைதான். சின்னக் கடையின் பெயரில் காசு வாங்கிக்கொண்டு போலிக் கடிதம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், காகிதத்தில் மட்டும் பார்த்தால் நிஜமான விண்ணப்பமும் போலி விண்ணப்பமும் ஒரே மாதிரிதான் தெரியும். நிஜமாக வேலை பார்த்தவரிடம் மட்டும் இருக்கக்கூடியது எதுவோ அதைக் காட்ட வேண்டும்.

பதில்

பதவி, பொறுப்பு என்று மறுபடி வர்ணித்து இன்னொரு கடிதம் எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக வருடத்தில் வெவ்வேறு பருவங்களிலிருந்து நான்கு சாதாரண வாரங்களை எடுத்து, ஒவ்வொரு வாரத்துக்கும் அந்த வாரத்தில் உண்டான எல்லாக் காகிதத்தையும் தேதி வாரியாக ஒரே இடத்தில் வைத்தோம். அதிகாரி ஒரு வாரத்தை முழுசாகப் பார்க்க முடிய வேண்டும் என்பதுதான் யோசனை.

2023 பிப்ரவரியில் ஒரு வாரத்தைச் சொல்கிறேன். ஞாயிறு இரவு 10 மணிக்கு மேல் குழுவில் வந்த அட்டவணைப் படம், அவருடைய கையெழுத்தில். திங்கள் காலை உதவியாளர் காய்ச்சல் என்று செய்தி அனுப்புகிறார், இவர் ஒரு சமையற்காரரைக் கேட்டு ஷிப்டை மாற்றுகிறார், திருத்திய அட்டவணை மறுபடி வருகிறது. வியாழக்கிழமை வெப்பநிலைப் பதிவேட்டில் நேராக 3, 3, 4 என்று வந்த எண்கள் திடீரென்று 7. குளிர்ந்த உணவு 4 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ விதி. 7-க்குப் பக்கத்தில் இவருடைய முதலெழுத்து. அதே நாள் கழிவு நோட்டில் பால் இரண்டு பை, வெட்டிய கோழி ஒரு தட்டு, தயிர் ஒரு வாளி வெளியே கொட்டியதாகக் குறிப்பு. மறுநாள் குளிர்பெட்டி பழுது பார்த்த பில், கையெழுத்து இவருடையது. சனிக்கிழமை மொத்த வியாபாரியின் இன்வாய்ஸில் பாலும் கோழியும் வழக்கத்தை விட அதிகம்.

62020 பட்டியலில் இருப்பு, பழுது, விற்பனை, கழிவு ஆகியவற்றின் பதிவுகளைப் பராமரித்தல் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை யாரும் விளக்க வேண்டியதில்லை, அந்த வாரமே அதுதான். இரண்டாவது கேள்விக்குப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது: சமையற்காரரின் ஷிப்டை மாற்றியது யார் என்று செய்தியில் நேரத்தோடு இருக்கிறது.

இதோடு சமையற்காரர் இரண்டு பேரும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கை, பில்லிங் இயந்திரத்திலிருந்து எடுத்த ரத்து, தள்ளுபடிப் பட்டியல், புதிதாகச் சேர்ந்த பரிமாறுபவர் ஒருவருக்கு அவர் சொல்லிக்கொடுத்த சுத்தப் பயிற்சியின் சரிபார்ப்புத் தாள். இன்னொன்றும் பயன்பட்டது. கடை திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உணவு கையாளும் பயிற்சி முடித்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோவின் உணவு வளாக விதி, எண் 493/17. சாயங்கால ஷிப்டில் அந்தச் சான்றிதழ் இருந்தது இவரிடம் மட்டும்தான். முதலாளி இருந்தாலும் இவர் ஏன் தேவை என்ற முதல் கேள்விக்கு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதலாளி சாயங்காலம் வருவதில்லை என்ற விளக்கத்தோடு இதையும் வைத்தோம்.

சம்பளத்துக்கு முதலாளி இரண்டே பத்தியில் பதில் எழுதினார். தன் கடையில் எல்லாருக்கும் குறைந்தபட்சக் கூலிதான், 2022 மே மாதத்தில் அது 15, இவருக்கு 17, அதற்கு மேல் கொடுக்கக் கடைக்கு வசதி இல்லை என்று. எந்த அலங்காரமும் இல்லை. முழுக் கட்டில் எனக்குப் பிடித்த பக்கம் அது.

முடிவு

கெடுவுக்குள் பதில் போயிற்று. 2024 ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. வேலை அனுமதி முடிய இன்னும் மூன்று மாதம் இருந்ததால் இடைக்கால வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கும் அவசியம் வரவில்லை. அவர் இப்போதும் அதே உணவகத்தில்தான் இருக்கிறார், சம்பளம் கூடியிருக்கிறது.

இன்னொரு முறை இப்படி ஒருவர் வந்தால்

சூப்பர்வைசர் ஆன அன்றைக்கே ஒரு பக்கத்தில் நியமனக் கடிதம் வாங்கச் சொல்வேன்: பதவி, தேதி, சம்பளம், யார் யார் உங்களிடம் கேட்டு நடப்பார்கள். அதே சம்பளச் சுற்றில் பே ஸ்டப்பும் மாற வேண்டும். இரண்டு மாதம் போனது இது இல்லாததால்தான். மணிக்கணக்கை வாரம் தவறாமல் ஒரு தாளில் எழுதி 30-க்கு மேல் போனதை வெட்டி வையுங்கள், பத்து மாதம் கழித்துப் பே ஸ்டப்பைப் பிரித்து உட்கார வேண்டாம். குளிர்காலத்தில் ஷிப்ட் குறையும் என்று தெரிந்தால் முதலாளியிடம் முன்கூட்டியே பேசி 30-ஐ எட்ட வழி பாருங்கள், கோடையில் உயிரைக் கொடுத்து உழைப்பதை விட அதுதான் கணக்கில் ஏறும்.

அந்த நான்கு வாரக் கட்டை விண்ணப்பத்தோடேயே வைத்திருக்கலாமா என்று எங்களுக்குள் பேசினோம். பத்துப் பேருக்குக் குறைவான கடை என்றால் இனிமேல் முதலிலேயே வைப்பது என்று ஆலோசகர் முடிவு செய்திருக்கிறார், கேள்வி வரும் என்று தெரிந்த பிறகு காத்திருப்பதில் அர்த்தமில்லை.

உண்மையில் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி அடுப்படியில் போகிறது என்றால் சூப்பர்வைசர் என்று போடாதீர்கள், சமையற்காரர் என்றே போடுங்கள். டியர் 3-ம் தகுதிதான், புள்ளியும் அதேதான், நிரூபிப்பது எளிது. பெரும்பகுதி மேசைகளுக்கு நடுவே போகிறது என்றால் எந்தப் பதவிப் பெயரும் உதவாது, முதலில் வேலை மாற வேண்டும்.

புள்ளி நிலவரமும் மாறிவிட்டது. 2025 முழுக்கக் கனடிய அனுபவ வகுப்புச் சுற்றுகளின் எல்லை 500-க்குக் கீழே இறங்கவே இல்லை, 2025 மார்ச் 25 முதல் வேலை வாய்ப்புக்கான கூடுதல் புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு 492 போதாது. இதே ஆள் இரண்டாவது வருடத்தையும் முடித்திருந்தால் கனடிய அனுபவத்துக்கான 40 புள்ளி 53 ஆகும். அதனால் அனுமதி மூன்று வருடம் என்றால் முதல் வருடத்தைப் பரிமாறும் வேலையில் கழிக்க இப்போது இடமே இல்லை.

அந்த உணவகத்தின் சமையற்காரர்களில் வேலை அனுமதியில் இருந்தவர் போன வருடம் எங்களிடம் வந்தார். அவருக்கு முந்தைய கடையில் பாதிச் சம்பளம் கையில் ரொக்கமாக வந்திருக்கிறது, பே ஸ்டப்பில் வாரத்துக்கு 18 மணி நேரம்தான் இருக்கிறது. அந்த மாதங்களை முழு நேரம் என்று கோரவில்லை. காகிதத்தில் உள்ள 18 மணியை மட்டும் எடுத்துக்கொண்டு, முழுச் சம்பளமும் வங்கிக்கு வரத் தொடங்கிய வாரத்திலிருந்து 30 வீதம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.